72 வரி ரிப்போர்ட்டில் இல்லாத ஒரு வரி

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குச் சித்தப்பா போன் செய்தால், ஊரில் யாரோ தவறிவிட்டார்கள் என்று அர்த்தம். சில மாதங்களுக்கு முன் அப்படி ஒரு போன் வந்தது. பதறிப்போய் எடுத்தேன். ‘தம்பி, எனக்கு ஹார்ட்ல ஏதோ அழற்சின்னு போட்டிருக்கான்டா. தடிச்ச எழுத்துல அடிச்சு, பக்கத்துல அம்புக்குறி வேற’ என்றார். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

சித்தப்பாவுக்கு வயது 61. பண்டிகைத் தள்ளுபடியில் 72 பரிசோதனைகள் அடங்கிய ‘ஃபுல் பாடி பேக்கேஜ்’ ஒன்றை அவர் மகள் செல்போனிலேயே பதிவு செய்திருந்தாள். ஆள் வீட்டுக்கே வந்து, திண்ணையில் உட்காரவைத்து ரத்தம் எடுத்துப் போனார். மறுநாள் இரவு வாட்ஸ்அப்பில் 19 பக்க ரிப்போர்ட் வந்து விழுந்தது. 71 வரிகளை அவர் படிக்கவே இல்லை. படித்தது ஒரு வரிதான். ‘ஹெச்.எஸ். சி.ஆர்.பி. 11.2’. கீழே சிவப்பில், ‘இதய நோய் அபாயம்: அதிகம்’.

டாக்டர் அந்தத் தாளை ஐந்து விநாடி பார்த்தார். பிறகு சித்தப்பாவின் கன்னத்தைப் பார்த்தார். ‘பல்லு ஏதாவது தொந்தரவு பண்ணுதா சார்?’ இடது கடைவாய்ப் பல்லில் சீழ் கட்டி, ஒரு வாரமாகக் கிராம்பு வைத்து ஓட்டிக்கொண்டிருந்த விஷயம் அப்போதுதான் வெளியே வந்தது. ‘முதல்ல பல்லைப் பாருங்க. மூணு வாரம் கழிச்சு இதைத் திரும்ப எடுத்துக்கலாம்.’ பல்லைப் பிடுங்கினார்கள். மூன்று வாரம் கழித்து சி.ஆர்.பி. 1.6.

கதை அத்தோடு முடிந்திருக்கும். சீட்டை மடித்துக் கொடுக்கும்போது டாக்டர் சும்மா கேட்பதுபோல் ஒன்று கேட்டார்: ‘கூடப் பிறந்தவங்க யாருக்காவது சின்ன வயசுல அட்டாக் வந்திருக்கா?’ எங்கள் பெரியப்பா 47 வயதில் களத்துமேட்டில் சரிந்து விழுந்து இறந்தவர். ஒல்லியான ஆள், பீடி சிகரெட் தொட்டதில்லை, சுகர் பிரஷர் எதுவும் இல்லை. அதைச் சொன்னதும் டாக்டர் சீட்டைத் திரும்ப வாங்கி இன்னொரு பரிசோதனை எழுதினார். அந்த 72-இல் இல்லாத பரிசோதனை. அதன் முடிவுக்குப் பின்னால் வருகிறேன்.

ரத்தத்தில் ஆயிரக்கணக்கான புரதங்கள் மிதக்கின்றன. அவற்றில் சில இதயத்துக்குக் கெடுதல் செய்பவை. சில, கெடுதல் நடப்பதைப் பார்த்துவிட்டுச் சாட்சி சொல்பவை. ரிப்போர்ட்டில் இரண்டுக்கும் ஒரே தடித்த எழுத்துதான், ஒரே அம்புக்குறிதான். சாட்சியைக் குற்றவாளி என்று நினைத்துப் பயப்படுவதும், குற்றவாளியைக் கூண்டில் ஏற்றாமலே விட்டுவிடுவதும் இதனால்தான் நடக்கின்றன.

நிமோனியா வார்டில் பிறந்த பெயர்

சித்தப்பாவைத் தூங்கவிடாமல் செய்த புரதம் முதலில் கண்ணில் பட்டது இதய நோயாளிகளிடம் அல்ல. 1930-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் வில்லியம் டில்லெட், தாமஸ் ஃபிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். நிமோனியா கிருமியின் ‘சி’ என்ற சர்க்கரைப் பொருளோடு சேர்ந்தால் அந்த ரத்தத்தில் ஏதோ ஒன்று திரண்டு படிந்தது. நோயாளி தேறியதும் அது மறைந்துபோனது. ‘சி’யோடு வினைபுரிவதால் சி-ரியாக்டிவ் புரதம், சுருக்கமாக சி.ஆர்.பி. பெயருக்கும் இதயத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இதைச் செய்வது கல்லீரல். உடம்பில் எங்கே புண், சீழ், கிருமி, அடி என்றாலும் ‘இன்டர்லூகின்-6’ என்ற தூதுப் பொருள் கல்லீரலுக்குச் சேதி கொண்டுபோகும். சில மணி நேரத்தில் சி.ஆர்.பி. ஏறத் தொடங்கும். கடுமையான தொற்றில் ஆயிரம் மடங்கு வரைகூடப் போகும். காரணம் நீங்கிவிட்டால் சுமார் 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். எங்கே பிரச்னை என்று அதற்குச் சொல்லத் தெரியாது. எங்கோ பிரச்னை என்று மட்டும் சொல்லும்.

இதய மருத்துவர்கள் பெருமளவில் இதன் பக்கம் திரும்பியது 1997-இல். பாஸ்டனில் பால் ரிட்கர் என்ற மருத்துவர், ஆரோக்கியமான அமெரிக்க டாக்டர்களிடம் பல ஆண்டுகளுக்கு முன் எடுத்து உறைய வைத்திருந்த ரத்தத்தை வெளியே எடுத்துச் சோதித்தார். பிற்காலத்தில் மாரடைப்பு வந்தவர்களின் பழைய ரத்தத்தில், வராதவர்களைவிட சி.ஆர்.பி. கூடுதலாக இருந்தது. மிக அதிகமாக இருந்தவர்களுக்கு ஆபத்து ஏறக்குறைய மூன்று மடங்கு. காய்ச்சல் அளவு இல்லை. லிட்டருக்கு ஒன்று, இரண்டு மில்லிகிராம் என்ற மெல்லிய ஏற்றம். அந்த மெல்லிய ஏற்றத்தை அளக்கும் நுட்பமான சோதனைக்குத்தான் ‘ஹெச்.எஸ்.’ என்ற முன்னொட்டு. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே ஆபத்து குறைவு, 1 முதல் 3 நடுத்தரம், 3-க்கு மேல் அதிகம் என்று 2003-இல் அமெரிக்காவில் வகுத்தார்கள். 10-ஐத் தாண்டினால் இதயத்தை விட்டுவிட்டு முதலில் தொற்றைத் தேடு என்பதும் அதே வழிகாட்டுதலில் உண்டு. சித்தப்பாவின் 11.2-க்கு டாக்டர் பல்லைப் பார்த்தது அதனால்தான். ரிப்போர்ட் அச்சடித்த மென்பொருளுக்கு இந்தக் கடைசி வரி தெரிந்திருக்கவில்லை.

மெல்லிய ஏற்றம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் தொப்பையிலிருந்து. வயிற்றுக் கொழுப்பு சும்மா கிடக்கும் மூட்டை இல்லை. இன்டர்லூகின்-6-ஐ அதுவும் சுரக்கும். புகைப்பவர்களுக்கு சி.ஆர்.பி. கூடும், சர்க்கரை நோயாளிகளுக்குக் கூடும், ஈறு அழுகியவர்களுக்கும் கூடும். எடை குறைந்தால் குறையும். ஆக, இதய நோய்க்கு நாம் அடுக்கும் வழக்கமான காரணங்கள் பலவும் இந்த ஒரே எண்ணில் கைரேகை பதிக்கின்றன.

அப்படியானால் சி.ஆர்.பி.யே ரத்தக்குழாயைக் கெடுக்கிறதா? 2008-இல் கோபன்ஹேகனிலிருந்து ஓர் அழகான பதில் வந்தது. பிறவியிலேயே, மரபணுவின் காரணமாக, சி.ஆர்.பி. கூடுதலாக உள்ளவர்கள் இருக்கிறார்கள். அதுதான் குற்றவாளி என்றால் இவர்களுக்கு மாரடைப்பு அதிகம் வர வேண்டும். 50,000-க்கும் மேற்பட்ட டேனிஷ் மக்களிடம் பார்த்தார்கள். வரவில்லை. சி.ஆர்.பி. வெறும் சாட்சி. அதற்குச் சேதி கொண்டுபோகும் இன்டர்லூகின்-6-இன் பாதையை இதே முறையில் விசாரித்தபோது, குற்றத்தில் பங்கு இருப்பது தெரிந்தது.

மூலனூர் வயலில் பூக்கும் மருந்து

அழற்சியை அடக்கினால் மாரடைப்பு குறையுமா என்பதை மருந்து கொடுத்துப் பார்த்தது 2017-இல் வெளியான ‘கான்டோஸ்’ ஆய்வு. மாரடைப்பு வந்து தேறிய 10,061 பேர், கனாகினுமாப் என்ற ஊசி. கெட்ட கொழுப்பு ஒரு துளிகூடக் குறையவில்லை. ஆனால் மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் மூன்றும் சேர்ந்த கணக்கு 15 சதவிகிதம் குறைந்தது. கொழுப்பைத் தொடாமல், அழற்சியை அடக்கியே இதயத்தைக் காக்க முடியும் என்று முதன்முறையாக நிரூபணமானது. ஆனால் அழற்சி என்பது உடம்பின் காவலும்கூட. ஊசி போட்டவர்களிடம் உயிரைப் பறிக்கும் தொற்றுகள் கூடின. மொத்த இறப்பு குறையவில்லை. விலையோ எட்டாத உயரம். இதய நோய்க்கு அந்த ஊசியைப் பயன்படுத்த அமெரிக்க அரசு அனுமதி தரவில்லை.

பிறகு ஆராய்ச்சியாளர்கள் கையில் எடுத்தது மிகப் பழைய, மிக மலிவான ஒரு மருந்து. கோல்சிசின். யூரிக் அமிலம் ஏறிக் கால் கட்டைவிரல் வீங்கித் துடிப்பவர்களுக்குக் காலங்காலமாகக் கொடுப்பது. நாள்பட்ட இதய நோயாளிகள் 5,522 பேரிடம் தினமும் அரை மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2020-இல் வெளியானது. ஆபத்து 31 சதவிகிதம் குறைந்திருந்தது. 2023-இல் அமெரிக்கா இதய நோய்க்கென்றே அதை அனுமதித்தது.

அந்தக் கோல்சிசின் கிடைக்கும் செடிகளில் ஒன்று நமக்கு அந்நியமானதில்லை. செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலர். தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கமும் வேதாரண்யம் மணற்பாங்கிலும் ‘கண்வலிக்கிழங்கு’ என்ற பெயரில் பயிராகிறது. கம்பிப் பந்தலிலும் கிளுவை முள்ளிலும் கொடி ஏறும். ஐப்பசி, கார்த்திகையில் வயலே தீப்பிடித்ததுபோல் பூக்கும். காய் நன்றாகப் பிடிக்க வேண்டும் என்று காலை வேளையில் ஆள் வைத்துப் பூப்பூவாக மகரந்தம் தொட்டு வைப்பார்கள். விளைந்த விதை வியாபாரி வழியாக வெளிநாட்டு மருந்துக் கம்பெனிகளுக்குப் போகிறது. விலையை வியாபாரிதான் சொல்கிறார். கட்டுப்படியான விலை வேண்டும் என்பது அந்த ஊர் விவசாயிகளின் தீராத கோரிக்கை. நியூயார்க்கில் தொடங்கிய ஒரு புரதத்தின் கதை மூலனூர் கமிஷன் மண்டியில் வந்து நிற்பதை நான் எதிர்பார்க்கவில்லை.

உடனே கொல்லையில் கிழங்கைத் தேடிப் போய்விடாதீர்கள். அந்தக் கிழங்கு கொடிய விஷம். நம் அவசர சிகிச்சைப் பிரிவுகள் அதைத் தின்றவர்களை அறியும். மாத்திரையாக இருந்தாலும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ஆகாது, சில ஆன்டிபயாடிக்குகளோடு சேர்ந்தால் ஆபத்து. இன்னொன்று: மாரடைப்பு வந்த கையோடு 7,000-க்கும் மேற்பட்டோருக்குக் கோல்சிசின் தொடங்கிப் பார்த்த ஒரு பெரிய ஆய்வு 2024-இல் வெளியானது. அதில் பலன் தெரியவில்லை. வழக்கு இன்னும் முடியவில்லை.

எத்தனை டன் இல்லை, எத்தனை வண்டி

சி.ஆர்.பி. சாட்சி என்றால் முழுக் குற்றவாளி யார்? அபோ-பி என்ற புரதத்தைச் சுமந்து திரியும் கொழுப்புத் துகள்கள். நம்மூர் ரிப்போர்ட்டுகள் பலவற்றில் இந்தப் பெயர் இருக்காது.

கோயம்பேடு சந்தைக்கு விடியற்காலையில் எத்தனை டன் காய்கறி வந்தது என்று கணக்கெடுப்பது ஒன்று. எத்தனை வண்டி வந்தது என்று கணக்கெடுப்பது வேறு. கெட்ட கொழுப்பை அளக்கும் எல்.டி.எல். பரிசோதனை சொல்வது டன் கணக்கு, அதாவது துகள்களுக்குள் இருக்கும் கொழுப்பின் எடை. ஆனால் ரோட்டில் நெரிசலை உண்டாக்குவது டன் இல்லை, வண்டி. ரத்தக்குழாய்ச் சுவருக்குள் நுழைந்து மாட்டிக்கொள்வதும் துகள்தான். ஒவ்வொரு துகளிலும் சரியாக ஒரே ஒரு அபோ-பி மூலக்கூறு இருக்கிறது, வண்டிக்கு ஒரு டிரைவர்போல. டிரைவர்களை எண்ணினால் வண்டிகளை எண்ணியாயிற்று.

பலருக்கு இரண்டு கணக்கும் ஒன்றுபோலவே போகும். சர்க்கரை நோயும் தொப்பையும் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பும் கூடிய உடம்பில்தான் ஏமாற்று நடக்கிறது. லாரிக்குப் பதில் ‘குட்டியானை’ எனும் சிறு வண்டிகள் வந்துவிடுகின்றன. சரக்கு அதே அளவு, வண்டி இரண்டு மடங்கு. எல்.டி.எல். ‘நார்மல்’ என்று ரிப்போர்ட் சிரிக்கும், அபோ-பி ஏறியிருக்கும். நம் மக்களில் பலருக்கு இந்த உடம்புதான். சென்னையிலிருந்து நடத்தப்பட்டு 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றும், இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள் என்றும் மதிப்பிட்டது.

கேரளத்தில் பிறந்து கனடாவில் பணியாற்றிய சலீம் யூசுப் தலைமையில், 52 நாடுகளில் நடந்த ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வு 2004-இல் வெளியானது. முதல் மாரடைப்புக்குக் காரணமான ஒன்பது விஷயங்களை எடை போட்டார்கள். புகை, சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் முந்திக்கொண்டு முதலில் நின்றது அபோ-பிக்கும், நல்ல கொழுப்போடு போகும் அபோ-ஏ1 புரதத்துக்கும் உள்ள விகிதம். அதே ஆய்வின் இன்னொரு கணக்கு நெஞ்சைக் கனக்க வைப்பது: தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்தது சராசரியாக 53 வயதில். மற்ற நாட்டவருக்கு ஏறக்குறைய 59. ஆறு வருடம் என்பது ஒரு பிள்ளை கல்லூரிக்குள் நுழைந்து வேலைக்குப் போகும் காலம்.

சர்க்கரை என்றதும் நினைவுக்கு வருவது, நம் வீடுகளில் அதிகம் புழங்கும் புரதச் சோதனை. ‘மூணு மாச சுகர்’. ஹீமோகுளோபின் என்ற புரதத்தில் சர்க்கரை எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பது. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால் மூன்று மாத வரலாறு அதில் தங்குகிறது. இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. இரும்புச்சத்துக் குறைந்து சோகை பிடித்தவர்களுக்குச் சர்க்கரை நோய் இல்லாமலே இந்த எண் ஏற்றிக் காட்டலாம். சோகை இவ்வளவு பரவிய நாட்டில், 5.9 என்று பார்த்துப் பயந்துபோன பெண்ணுக்கு முதலில் ஹீமோகுளோபின் அளவைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

நெஞ்சு வலிக்கும்போது கூப்பிட வேண்டிய சாட்சி

இதுவரை சொன்னது வருமுன் பார்ப்பது. ட்ரோபோனின் வேறு ரகம். இதயத் தசைக்குள் அடைந்து கிடக்கும் புரதம் அது. தசை சாகும்போது உடைந்து ரத்தத்தில் கசிகிறது. சம்பவ இடத்தில் இருந்த சாட்சி. மாரடைப்புக்கான இன்றைய இலக்கணமே அதை வைத்துத்தான்.

ஆனால் அந்தச் சாட்சி கூண்டேற நேரம் பிடிக்கும். வலி வந்து அரை மணியில் ஓடிவந்தவரின் ரத்தத்தில் ட்ரோபோனின் இயல்பாகவே இருக்கலாம். அதனால்தான் சில மணி இடைவெளியில் திரும்ப எடுக்கிறார்கள். ‘ரத்தம் டெஸ்ட் பண்ணியாச்சு, ஒண்ணுமில்லை, கேஸ்தான்’ என்று ஒரே ஒரு சோதனையோடு வீட்டுக்குத் திரும்புவது தவறு. ஈ.சி.ஜி.யில் மாரடைப்பு தெளிவாகத் தெரிந்தால் ட்ரோபோனினுக்குக் காத்திருப்பதும் தவறு. தமிழ்நாடு அரசு 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டாட்டின் என 14 மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். அந்த நிலையத்துக்குப் போகும் வழி தெரிந்திருப்பது எந்த பேக்கேஜையும்விட உயர்ந்த காப்பு.

இதயம் திணறும்போது சுரக்கும் பி.என்.பி. என்ற புரதம் பற்றி ஒரு வேடிக்கை. ஜப்பானியர்கள் 1988-இல் அதைக் கண்டுபிடித்தது பன்றியின் மூளையில். அதனால் பெயரில் ‘பிரெய்ன்’, அதாவது மூளை, ஒட்டிக்கொண்டது. பிறகுதான் அதை அதிகம் சுரப்பது இதயத்தின் கீழறை என்று தெரிந்தது. பெயர் மாறவில்லை. மூச்சு வாங்குவது இதயத்தாலா நுரையீரலாலா என்று பிரித்தறிய உதவும். உடல் பருத்தவர்களிடம் மட்டும் அது குறைவாகவே இருக்கும், நம்பி ஏமாறக்கூடாது.

இப்போது ஒரே சொட்டில் ஆயிரக்கணக்கான புரதங்களை அளக்கிறார்கள். பிரிட்டனின் யு.கே. பயோபேங்க் 54,219 பேரின் ரத்தத்தில் ஏறக்குறைய 3,000 புரதங்களை அளந்து 2023-இல் வெளியிட்டது. புதிய மருந்துகளுக்கு அது தங்கச் சுரங்கம். ஆனால் அந்த ரத்தம் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினருடையது. அதை வைத்துப் போடும் அபாயக் கணக்கு மதுரைக்காரருக்கும் யாழ்ப்பாணத்தாருக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் நம்ப மாட்டேன்.

பெரியப்பா விட்டுப்போனது

இனி அந்த 73-ஆவது வரி. லைப்போபுரோட்டீன்-ஏ. சுருக்கமாக எல்.பி.ஏ. 1963-இல் ஆஸ்லோவில் கோரே பெர்க் கண்டுபிடித்தது. எல்.டி.எல். துகளின் மேல் இன்னொரு புரதம் வாலாகப் பின்னிக்கொண்ட உருவம். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ப்ளாஸ்மினோஜன் என்ற நல்ல புரதத்தின் சாயல் அந்த வாலுக்கு உண்டு. சாயல்தான், குணம் இல்லை. குழாய்ச் சுவரில் கொழுப்பைப் படியவைக்கும், இதய வால்வைக் கெட்டிப்படுத்தும்.

இதன் அளவில் சுமார் 90 சதவிகிதம் பிறக்கும்போதே முடிவாகிவிடுகிறது. நடந்தால் குறையாது, எண்ணெயை விட்டால் குறையாது, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைக்கும் மசியாது. உலகில் ஐந்தில் ஒருவருக்கு டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டுகிறது. ஐரோப்பியர்களைவிடத் தெற்காசியர்களுக்கு இது சராசரியாகக் கூடுதல். அமெரிக்கத் தொலைக்காட்சியில் பருத்தவர்களை இளைக்கவைத்த உடற்பயிற்சியாளர் பாப் ஹார்ப்பர் 2017-இல் ஜிம்மிலேயே மாரடைப்பில் விழுந்தார். பிழைத்த பிறகு அவர் வெளியே சொன்ன காரணம் இதுதான்.

இதைக் குறைக்கும் புதிய ஊசிகள் பெரிய ஆய்வுகளில் இறங்கியிருக்கின்றன. பெலாகார்சன் ஆய்வில் மட்டும் 8,000-க்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். மருந்து இல்லாதபோது எதற்கு இந்தச் சோதனை என்று சில டாக்டர்களே கேட்பதுண்டு. எனக்கு அந்த வாதம் ஒப்பாது. மாற்ற முடியாத ஒரு சுமை முதுகில் இருக்கிறது என்று தெரிந்தவர்தான் மாற்றக்கூடிய மற்ற சுமைகளை இறக்கிவைப்பார். எல்.டி.எல்.லை இன்னும் கீழே இறக்கலாம், பிரஷரை விடாமல் கட்டுக்குள் வைக்கலாம், சிகரெட்டை விடலாம்.

2024-இல் ரிட்கர் குழு இன்னொரு ஆய்வை வெளியிட்டது. 27,939 அமெரிக்கப் பெண்கள். ஒருமுறை எடுத்த ரத்தத்தில் சி.ஆர்.பி., எல்.டி.எல்., எல்.பி.ஏ. மூன்றையும் பார்த்துவிட்டு 30 ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். மூன்றும் தனித்தனியாகவே அந்த 30 ஆண்டுகளில் வந்த மாரடைப்பையும் பக்கவாதத்தையும் முன்கூட்டியே சொல்லின.

என்னைக் கேட்டால், 72 வரி பேக்கேஜை விட்டுவிட்டு அந்தக் காசை இப்படிச் செலவழிக்கச் சொல்வேன். எல்.பி.ஏ. வாழ்நாளில் ஒரே ஒருமுறை போதும். ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2019-லேயே இதைப் பரிந்துரைத்துவிட்டது. சுகரோ ட்ரைகிளிசரைடோ இருந்தால் அபோ-பி. ஸ்டாட்டின் மாத்திரை தொடங்கலாமா வேண்டாமா என்று டாக்டரே யோசிக்கும் இடத்தில் மட்டும் ஹெச்.எஸ். சி.ஆர்.பி. அதையும் சளி, காய்ச்சல், பல்வலி எதுவும் இல்லாத நாளில். எல்.பி.ஏ. சோதனையில் அலகைக் கவனியுங்கள். சில லேப்கள் மில்லிகிராமிலும் சில லேப்கள் நானோமோலிலும் தருகின்றன. மில்லிகிராமில் 50 என்றால் நானோமோலில் ஏறக்குறைய 125. இரண்டையும் குழப்பிக்கொண்டு பயந்தவர்களையும், பயப்படாமல் விட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

சித்தப்பாவுக்கு எல்.பி.ஏ. 96 மில்லிகிராம். இப்போது ஸ்டாட்டின் சாப்பிடுகிறார், பிரஷர் மாத்திரையை மறப்பதில்லை. ரத்த உறவுகள் எல்லோரும் ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். நான் கொடுத்தேன், 12. சித்தப்பாவின் மகள், அந்தத் தள்ளுபடி பேக்கேஜைப் பதிவு செய்தவள், அவளும் கொடுத்தாள். அவளுக்கு 91. வயது 34.